முதல் வேலைக்குச் சேரும் ஸ்டாஃப் நர்ஸுக்கு: வேலை அழுத்தம் முற்றும் முன் செய்து வைக்க வேண்டியவை

பி.எஸ்சி. நர்சிங்கோ ஜி.என்.எம்.மோ முடித்து, தமிழ்நாட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் முதல் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு இது. பலர் முதல் ஆறு மாதத்திலேயே ஒடிந்து போகிறார்கள். வீட்டில் படுத்திருக்கும்போதும் மானிட்டர் அலாரம் காதில் கேட்கும். ட்யூட்டிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்றைப் பிசையும். ஆஃப் நாள் முழுக்கத் தூங்கியும் அசதி போகாது. சொன்னால் "நாங்களும் இதைத் தாண்டித்தான் வந்தோம்", "தியானம் பண்ணு" என்பார்கள். தியானம் நல்லதுதான். முப்பது நோயாளிக்கு இரண்டு நர்ஸ் என்ற கணக்கை அது மாற்றாது.

நிவாரணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு உண்டு என்பதைப் புதியவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி உங்கள்மேல் குத்தினால் கெடு மணிக்கணக்கில். பாலியல் தொல்லைப் புகாருக்கு மாதக்கணக்கில். இ.எஸ்.ஐ. (அரசின் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம்) தரும் நோய்க்கால உதவித்தொகைக்கோ சேர்ந்த தேதியிலிருந்தே எண்ணிக்கை ஓடத் தொடங்கிவிடும். மனம் நொந்து கிடக்கும் நாளில் இதையெல்லாம் தேடி அலைய முடியாது. தெம்பாக இருக்கும்போதே வரிசையாகச் செய்துவிடுங்கள்.

1. கையெழுத்துப் போடும் முன்

வேலை நியமனக் கடிதம் கையில் வராமல் ட்யூட்டிக்குப் போகாதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி நியமனக் கடிதம் கொடுப்பது கட்டாயம். அதில் பதவி, மாதச் சம்பளத்தின் பிரிவுகள், ஷிஃப்ட் நேரம், வார ஆஃப், நோட்டீஸ் காலம் ஐந்தும் இருக்கிறதா என்று பாருங்கள். "மருத்துவமனை விதிகளின்படி" என்று மட்டும் போட்டிருந்தால் அந்த விதிகளின் நகலைக் கேளுங்கள்.

அடுத்தது ஒரிஜினல் சான்றிதழ்கள். சரிபார்க்கக் காட்டலாம், விட்டுவிட்டு வரக் கூடாது. "ஹெச்.ஆர். லாக்கரில் பத்திரமாக இருக்கும்" என்பது வழக்கமான பேச்சு. கவுன்சில் பதிவுச் சான்றிதழ் அங்கே மாட்டிக்கொண்டால், பிறகு வேலையை விட நினைத்தாலும் கால் நகராது. கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல, அதை அடமானம்போலப் பிடித்து வைக்க யாருக்கும் உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஏற்கனவே கொடுத்துவிட்டீர்களென்றால், எந்தெந்தச் சான்றிதழ் எந்தத் தேதியில் வாங்கப்பட்டது என்று எழுதி, முத்திரையுடன் ரசீது வாங்குங்கள். ரசீது தர மறுத்தால், அதே விவரத்தை "இன்று என்னிடம் பெற்றுக்கொண்ட சான்றிதழ்கள்" என்று ஹெச்.ஆருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். அதுவே பிறகு ஆதாரம்.

பாண்ட் (இத்தனை காலம் வேலையை விட மாட்டேன் என்ற ஒப்பந்தம்) கேட்டால் இரண்டு விஷயம் பாருங்கள்: எத்தனை மாதம், இடையில் விட்டால் எவ்வளவு. தொகை எழுதாத வெற்றுப் பத்திரத்திலோ, தேதியில்லாத காசோலையிலோ கையெழுத்துப் போடவே கூடாது. பாண்ட் இருந்தாலும் ஒருவரை வலுக்கட்டாயமாக வேலை செய்யவைக்கச் சட்டத்தில் இடமில்லை. நியாயமான நஷ்டஈடுதான் கேட்க முடியும், அந்த நஷ்டத்தையும் அவர்கள்தான் காட்ட வேண்டும்.

நேர்காணலில் கேட்கக் கூச்சப்படாமல் கேளுங்கள்: "வார்டில் ஒரு ஷிஃப்ட்டுக்கு எத்தனை பேர்? புதியவர் எத்தனை வாரம் சீனியருடன் இருப்பார்? தொடர்ந்து எத்தனை நைட்?" நேராகப் பதில் சொல்லாத இடத்தில் பதில் என்னவென்று ஊகித்துக்கொள்ளலாம்.

2. முதல் வாரத்திலேயே முடிக்க வேண்டியவை

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் நீங்கள் இ.எஸ்.ஐ.க்குள் வருவீர்கள். சம்பளத்தில் 0.75 சதவீதம் உங்களிடமிருந்து பிடிப்பார்கள், நிர்வாகம் 3.25 சதவீதம் கட்டும். 15,000 சம்பளத்துக்கு உங்கள் பங்கு 113 ரூபாய்தான். பத்து இலக்கக் காப்பீட்டு எண்ணை முதல் வாரத்திலேயே கேட்டு வாங்குங்கள். ஆதார், வங்கிக் கணக்கு, குடும்பத்தினர் விவரம் மூன்றும் அதில் இணைந்திருக்க வேண்டும். எந்த டிஸ்பென்சரி என்பதை நீங்கள் தங்கும் ஹாஸ்டலுக்குப் பக்கத்தில் போடச் சொல்லுங்கள். சொந்த ஊர் முகவரியை வைத்து நிரப்பிவிட்டால், காய்ச்சலோடு பஸ் ஏறி ஊருக்குப் போக வேண்டியிருக்கும்.

சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்து, காப்பீட்டு எண் மட்டும் வராமல் இரண்டு மாதம் போகிறதென்றால், எழுத்தில் கேளுங்கள். பிடித்த பணம் கட்டப்படாமல் இருப்பதும் நடக்கிற காரியம்தான். பி.எஃப்.க்கும் இதே கதைதான்: யூ.ஏ.என். என்ற பி.எஃப். கணக்கு எண்ணை வாங்கி, பாஸ்புக்கில் மாதாமாதம் வரவு ஏறுகிறதா என்று பாருங்கள்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸ்: தொடக்கத்தில், ஒரு மாதத்தில், ஆறாம் மாதத்தில். படிக்கும்போதே போட்டிருந்தாலும் டைட்டர் (இரத்தத்தில் ஆன்டிபாடி அளவு) பார்த்தீர்களா என்பதுதான் கேள்வி. கடைசி டோஸ் முடிந்து ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் பார்க்கும் ஆன்டிபாடி அளவு 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அந்த ஒரு சீட்டு கையில் இருந்தால், பின்னால் ஊசி குத்தும் நாளில் பாதிப் பயம் குறையும்.

கூடவே மூன்று எண்களைப் போனில் பதியுங்கள்: மருத்துவமனையின் அவசர அழைப்பு எண், நோய்த்தொற்றுத் தடுப்பு நர்ஸின் எண், பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுத் தலைவரின் எண்.

3. பதினான்கு நாள் குறிப்பேடு

"எனக்கு ரொம்ப ஸ்ட்ரெஸ்" என்று இன்சார்ஜ் சிஸ்டரிடம் போய் நின்றால் ஒன்றும் நடக்காது. எதனால் என்று தெரிந்தால்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும். ஒரு சின்ன நோட்டில் பதினான்கு நாள், ஷிஃப்ட் முடிந்ததும் நான்கே விஷயம் எழுதுங்கள்: எந்த ஷிஃப்ட், எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்ஸ், எத்தனை மணி நேரம் தாமதமாக வெளியே வந்தீர்கள், முந்தைய நாள் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள். கடைசியில் ஒரு வரி: இன்று எது அதிகம் பாதித்தது.

இரண்டு வாரம் கழித்துப் புரட்டினால் பெரும்பாலும் நான்கில் ஒன்று மேலே தெரியும். வேலை பளு, தூக்கம், மனிதர்கள், தவறு செய்துவிடுவோமோ என்ற பயம். பளு என்றால் ஆறாம் படி. தூக்கம் என்றால் ஐந்தாவது. மனிதர்கள் என்றால் எட்டாவது. பயம் என்றால் அடுத்ததே.

இந்த நோட்டில் நோயாளியின் பெயரோ ஐ.பி. எண்ணோ இருக்கக் கூடாது. கேஸ் ஷீட்டைப் போனில் படம் பிடித்து வைக்கவும் கூடாது. பின்னால் நீங்கள் புகார் கொடுக்கும்போது "நோயாளி ரகசியத்தை மீறினார்" என்று உங்கள் மேலேயே திருப்பிவிடுவதற்கு அது போதும்.

4. ஷிஃப்ட்டுக்குள்: பயத்தைக் குறைக்கும் வழக்கங்கள்

புதியவர்களைத் தூங்கவிடாமல் செய்வது பெரும்பாலும் "அந்த மருந்தைக் கொடுத்தேனா?", "ஐ.வி. லைனைப் பார்த்தேனா?" என்ற நினைப்புதான். இதற்கு மருந்து ஹேண்டிங் ஓவரில், அதாவது ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பை வாங்கும் விதத்தில் இருக்கிறது.

பதினைந்து நிமிடம் முன்னால் போங்கள். ஸ்டேஷனில் நின்றபடி வாங்காமல், படுக்கைக்குப் படுக்கை நடந்து வாங்குங்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரே வரிசை: இப்போது எப்படி இருக்கிறார், எதற்காகச் சேர்ந்தார், இந்த ஷிஃப்ட்டில் என்ன மாறியது, இனி என்ன செய்ய வேண்டும். பிறகு கண்ணால் பாருங்கள்: கானுலா போட்ட இடம், பம்ப்பில் ஓடும் அளவு ஆர்டரோடு ஒத்துப்போகிறதா, யூரின் பை, டிரெயின், ஆக்ஸிஜன். அலர்ஜி, நில் ஓரல், வர வேண்டிய லேப் ரிசல்ட் மூன்றையும் வாய்விட்டுக் கேளுங்கள். ஒப்படைப்பவர் சொல்ல மறந்ததற்குப் பிறகு பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

எண்ணிக்கையை எண்ணாமல் கையெழுத்துப் போடாதீர்கள். நார்க்கோட்டிக் ரிஜிஸ்டர், கிராஷ் கார்ட், சக்ஷன், பி.பி. கருவி, குளுக்கோமீட்டர். "எல்லாம் சரியா இருக்கு, போடும்மா" என்பார்கள். காணாமல் போன பல்ஸ் ஆக்ஸிமீட்டருக்குக் கடைசியாகக் கையெழுத்துப் போட்டவர் சம்பளத்தில் பிடிப்பது பல இடங்களில் நடக்கிறது. குறைந்தால் ரிஜிஸ்டரிலேயே "ஒன்று குறைவு" என்று எழுதி, நேரத்தைப் போட்டு, ஒப்படைப்பவரின் கையெழுத்தை வாங்குங்கள்.

ஆபத்து அதிகமுள்ள மருந்துகளை இருவராகச் சரிபாருங்கள்: பொட்டாசியம் குளோரைடு, இன்சுலின், ஹெப்பாரின், நார்அட்ரினலின். அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடைக் கலக்காமல் நேராக நரம்பில் ஏற்றுவது உயிரைப் பறிக்கும். இது தெரியாதவர் இல்லை. அசதியான விடியற்காலை மூன்று மணிக்கு ஆம்பூல் மாறிப்போவதுதான் நடப்பது. ஒரே மாதிரி இருக்கும் ஆம்பூல்களை ஒரே தட்டில் வைக்காதீர்கள். இன்சுலினை யூனிட் சிரிஞ்சில் மட்டுமே எடுங்கள்.

போனில் டாக்டர் ஆர்டர் சொன்னால் எழுதி, திருப்பிப் படித்துக் காட்டி, நேரத்தையும் அவர் பெயரையும் போடுங்கள். மறுநாள் ரவுண்ட்ஸில் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்ற ஒரு வாக்கியம் புது நர்ஸின் ஒரு மாதத் தூக்கத்தைத் தின்றுவிடும்.

தவறு நேர்ந்துவிட்டால் முதலில் நோயாளியைப் பாருங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள், அதே ஷிஃப்ட்டில் இன்சிடென்ட் ஃபாரம் எழுதுங்கள். நடந்ததை மட்டும் எழுதுங்கள். யார்மேல் பழி, ஏன் நடந்தது என்பதெல்லாம் வேண்டாம். கேஸ் ஷீட்டில் பழைய பதிவை அழிக்கவோ மேலே எழுதவோ கூடாது. ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் தேதியும் சுருக்கொப்பமும் போடுங்கள்.

5. நைட் ட்யூட்டி

நைட் தொடங்கும் அன்று மதியம் ஒன்றரை மணி நேரமாவது தூங்கிவிட்டுப் போங்கள். டீ, காபி விடியற்காலை மூன்று மணியோடு சரி. அதற்கு மேல் குடித்தால் காலைத் தூக்கம் கெடும். இரவு பன்னிரண்டுக்குப் பிறகு பிரியாணி, பரோட்டா வேண்டாம். இட்லி, மோர் சாதம், பழம் போதும். இடைவேளை கிடைத்தால் இருபது நிமிடம் கண்ணை மூடலாம், ஆனால் எழுந்தவுடன் மருந்து கலக்காதீர்கள். மூளை விழிக்கப் பத்து, பதினைந்து நிமிடம் ஆகும்.

ட்யூட்டி முடிந்ததும் ஸ்கூட்டியில் நீண்ட தூரம் போவதைத் தவிருங்கள். அறைக்குப் போனதும் துணி துவைப்பது, வாட்ஸாப் பார்ப்பது என்று இழுக்காமல் படுத்துவிடுங்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, காதுக்குப் பஞ்சு. இரண்டும் சேர்ந்து 200 ரூபாய்க்குள் முடியும். ஹாஸ்டலில் பகல் ஷிஃப்ட் ஆட்களோடு ஒரே அறை என்றால், நைட் ஆட்களை ஒரே அறைக்கு மாற்றச் சொல்லி வார்டனிடம் நான்கைந்து பேர் சேர்ந்து கேளுங்கள். காசு செலவில்லாத மாற்றம் என்பதால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

நைட் முடிந்த மறுநாளே காலை ஷிஃப்ட் போட்டால், ரோஸ்டர் ஒட்டிய அன்றே சொல்லுங்கள். ட்யூட்டி நாளில் போய்ச் சொன்னால் யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.

6. ஆள் பற்றாக்குறையை எழுத்தில் வையுங்கள்

இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல்படி பொது வார்டில் ஒரு நர்ஸுக்கு, கற்பிக்கும் மருத்துவமனையில் மூன்று நோயாளி, மற்ற மருத்துவமனையில் ஐந்து நோயாளி, ஐ.சி.யு.வில் ஒருவருக்கு ஒருவர். விடுப்புக்காக முப்பது சதவீதம் கூடுதல் ஆள். உங்கள் வார்டைப் பார்த்துவிட்டு இதைப் படித்தால் சிரிப்பு வரும். ஆனாலும் இந்த எண் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவமனை என்.ஏ.பி.எச். (மருத்துவமனைத் தரத்துக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் வைத்திருந்தாலோ அதற்கு முயன்றாலோ, நர்ஸ் எண்ணிக்கை அவர்கள் ஆய்வுக்குக் காட்ட வேண்டிய விஷயம். எழுத்தில் வந்த கடிதத்துக்கு அங்கே மதிப்பு உண்டு.

எழுதும் முறை முக்கியம். உணர்ச்சி வேண்டாம், எண் போதும்:

"ஆண்கள் மெடிக்கல் வார்டு, இரவு ட்யூட்டி. நோயாளிகள் 28. ஸ்டாஃப் 2. அதில் ஆக்ஸிஜனில் 5, இரத்தம் ஏறுபவர் 1. இரவு 10 மணி மருந்துகள் முடிய 11.40 ஆனது. நோயாளி பாதுகாப்பு கருதித் தங்கள் கவனத்துக்கு."

இதை இன்சார்ஜுக்கு அனுப்பி, நர்சிங் சூப்பரின்டென்டென்ட்டுக்கு நகல் போடுங்கள். "என்னால் முடியவில்லை" என்று எழுதினால் குறை உங்கள்மேல் வரும். "நோயாளி பாதுகாப்பு" என்று எழுதினால் பொறுப்பு அவர்களிடம் போகும். தனியாக அனுப்பப் பயமாக இருந்தால் அந்த ஷிஃப்ட்டின் இருவரும் கையெழுத்திடுங்கள். மூன்று, நான்கு கடிதத்துக்குப் பிறகுதான் அசைவு தெரியும்.

டபுள் ட்யூட்டி கேட்டால் "முடியாது" என்று சொல்வதைவிட "எட்டு மணி வரை இருக்கிறேன், அதற்கு மேல் மருந்து கொடுக்கும் நிலையில் இல்லை" என்று எல்லை போட்டுச் சொல்வது எடுபடும். செய்தால், எந்தத் தேதிக்குக் காம்ப் ஆஃப் (கூடுதல் வேலைக்கு ஈடான லீவு) என்று அன்றே எழுதி வாங்குங்கள். வாய்ப் பேச்சில் நின்ற காம்ப் ஆஃப் மாதக் கடைசியில் இருக்காது.

சம்பளம் பற்றியும் ஒரு வார்த்தை. உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதை அடுத்து அமைந்த மத்திய அரசின் குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், இருநூறு படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்கு இணையாகத் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பரிந்துரைதான், சட்டம் போலக் காட்டிப் பேசினால் மடக்கிவிடுவார்கள். சம்பள உயர்வு கேட்கும்போது ஒரு அளவுகோலாக வையுங்கள்.

7. ஊசி குத்திவிட்டால்

இங்கே கெடு மணிக்கணக்கில்தான். குத்திய இடத்தைப் பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், ஸ்பிரிட் ஊற்றாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் தெறித்தால் வெறும் தண்ணீரோ சலைனோ. உடனே நோய்த்தொற்றுத் தடுப்பு நர்ஸை அழையுங்கள்; இரவென்றால் கேஷுவால்ட்டி டாக்டரை.

எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. 28 நாள் தினமும். "முதலில் நோயாளியின் ரிசல்ட் வரட்டும்" என்று காத்திருப்பதுதான் பொதுவாக நடக்கும் தப்பு. முதல் டோஸை எடுத்துவிட்டு, ரிசல்ட் வந்ததும் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்யலாம். வேலையில் இப்படி ஆளானவர்களுக்கு இந்த மருந்தைத் தர வேண்டியது மருத்துவமனையின் கடமை என்று 2017 எச்.ஐ.வி. சட்டம் சொல்கிறது. உங்கள் இடத்தில் இருப்பு இல்லையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கேஷுவால்ட்டிக்குப் போங்கள், அங்கே இலவசம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவர் என்றால் இம்யூனோகுளோபுலின் ஊசியை 24 மணி நேரத்துக்குள், அதிகபட்சம் ஏழு நாளுக்குள் போட வேண்டும்.

அதே ஷிஃப்ட்டில் எழுத்தில் பதியுங்கள்: நேரம், எந்த ஊசி, யாருக்குப் போட்டது, சாட்சி. தொடக்க நாள் இரத்தப் பரிசோதனைச் சீட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டு இல்லாமல், பின்னால் தொற்று தெரிந்தால் அது வேலையில் வந்தது என்று நிரூபிப்பது மிகக் கடினம்.

8. கை ஓங்கும் அட்டெண்டர், கத்தும் சீனியர், தொல்லை கொடுப்பவர்

நோயாளியின் ஆட்கள் கூட்டமாகக் கத்தும்போது கதவுப் பக்கம் உங்கள் முதுகு இருக்கும்படி நில்லுங்கள், தனியாகப் பேசாதீர்கள், செக்யூரிட்டியை அழையுங்கள். அடித்தாலோ தள்ளினாலோ மருத்துவப் பணியாளர் மீதான வன்முறையைத் தடுக்கும் தமிழ்நாட்டின் 2008ஆம் ஆண்டின் 48ஆம் எண் சட்டம் நர்ஸையும் காக்கிறது. காயம் சின்னதென்றாலும் கேஷுவால்ட்டியில் காட்டி விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். புகாரை மருத்துவமனையின் பெயரில் கொடுக்கச் சொல்வது நல்லது. வழக்குக்கு அலைய வேண்டியது நிர்வாகம், நீங்கள் சாட்சி. "சமாதானமாப் போயிடலாம்" என்று உங்களிடம் எழுதி வாங்க வந்தால், ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு இது வேலைக் காயமும்கூட.

சீனியரோ டாக்டரோ எல்லோர் முன்னாலும் திட்டினால் அந்த இடத்தில் பதில் வேண்டாம். அன்றே எழுதி வையுங்கள்: தேதி, இடம், சொன்ன வார்த்தைகள், யார் இருந்தார்கள். மூன்று நிகழ்வு சேர்ந்தபின் சூப்பரின்டென்டென்ட்டிடம் போனால் அதைக் "கோபம்" என்று தள்ளிவிட முடியாது.

பாலியல் தொல்லைக்குப் பாதை வேறு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். புகாரை நிகழ்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். ஆதாரங்கள், சாட்சிகளின் பெயர், முகவரியோடு ஆறு பிரதி கேட்பார்கள். செலவு ஜெராக்ஸ் காசுதான். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். விசாரணை நடக்கும்போதே, வார்டு மாற்றமோ மூன்று மாதம் வரை விடுப்போ நீங்கள் எழுத்தில் கேட்கலாம். இதைப் பலர் கேட்பதே இல்லை, தொல்லை கொடுத்தவரோடே ட்யூட்டி பார்க்கிறார்கள். குழுவே இல்லாத சின்ன நர்சிங் ஹோம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். இந்தச் சட்டம் பெண்களுக்கு மட்டுமே. ஆண் நர்ஸ்கள் நிர்வாகத்திடமோ காவல்துறையிடமோதான் போக வேண்டியிருக்கிறது.

9. டாக்டரிடம் போக வேண்டிய நேரம்

பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாள் தமிழிலும் கிடைக்கிறது. கடந்த இரண்டு வாரத்தை வைத்து மதிப்பெண் போடுங்கள். பத்தோ அதற்கு மேலோ வந்தால் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஒன்பதாவது கேள்வி சாக வேண்டும் என்ற நினைப்பைப் பற்றியது. அதற்கு "சில நாட்கள்" என்று பதில் வந்தாலும், மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் அன்றைக்கே யாரிடமாவது பேச வேண்டும். டெலி-மானஸ் எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசுவார்கள். நைட் ட்யூட்டி இடைவேளையிலும் கூப்பிடலாம்.

நீங்கள் வேலை செய்யும் மருத்துவமனையிலேயே காட்டாதீர்கள். சட்டப்படி ரகசியம் காக்க வேண்டும் என்றாலும், ஓ.பி. சீட்டு நாலு பேர் கை மாறும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. சீட்டும் மாத்திரையும் இலவசம். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. காலை ஓ.பி. என்பதால் நைட் ஆஃப் நாளில் திட்டமிடுங்கள். தனியாரில் ஒரு முறைக்கு 500 முதல் 1,500 ரூபாய் வரை ஆகலாம்.

மன அழுத்த மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரம் குமட்டும். "ஒன்றும் ஆகவில்லை" என்று பத்தாம் நாள் நிறுத்துவதும், நன்றாகிவிட்டது என்று திடீரென நிறுத்துவதும் நர்ஸ்களிடம் அதிகம். அதைவிட மோசம், வார்டு ஸ்டாக்கிலிருந்து அல்பிரசோலாமோ டயசெபாமோ எடுத்துத் தூங்கப் பழகுவது. பழக்கம் பிடித்துக்கொள்ளும், ரிஜிஸ்டரில் கணக்கு இடித்தால் வேலையும் போய், கவுன்சில் பதிவுக்கும் ஆபத்து.

10. லீவும் சர்டிஃபிகேட்டும் இ.எஸ்.ஐ. பணமும்

"பர்ன்அவுட்" என்று சர்டிஃபிகேட் வாங்கினால் எங்கும் செல்லாது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் அது நோயாக இல்லை, வேலை சார்ந்த ஒரு நிலை என்றுதான் இருக்கிறது. மருத்துவர் உங்களைப் பார்த்துவிட்டு மனச்சோர்வு, தகவமைப்புக் கோளாறு என்று நோய்ப் பெயரில் எழுதுவார். ஹெச்.ஆருக்குப் போகும் சீட்டில் நோய்ப் பெயர் வேண்டாம் என்றால், "மருத்துவக் காரணத்தால் ஓய்வு தேவை" என்று எழுதித் தரக் கேட்கலாம்.

இ.எஸ்.ஐ. பணம் வேண்டுமென்றால் தனியார் டாக்டரின் சீட்டு போதாது, உங்கள் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி டாக்டர் சான்று தர வேண்டும். லீவு எடுத்த முதல் நாளே போங்கள், முந்தைய தேதியிட்டுத் தர மாட்டார்கள். உதவித்தொகை தினச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. 15,000 சம்பளக்காரருக்கு நாளுக்கு 350 ரூபாய் சுமார். முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. வழக்கமாக ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும்.

புதியவர்கள் ஏமாறும் இடம் இதுதான்: முதல்முறையாக இ.எஸ்.ஐ.க்குள் வருபவருக்கு, சேர்ந்து ஒன்பது மாதம் முடிந்த பிறகே நோய்க்காலப் பணம் தொடங்கும். ஜூன் 1ஆம் தேதி சேர்ந்தால் அடுத்த மார்ச் 1 முதல்தான். சிகிச்சை மட்டும் முதல் நாளிலிருந்தே உண்டு. வேலைக் காயத்துக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. அதற்கு 90 சதவீதம். முதல் ஒன்பது மாதத்துக்கு ஒரு மாதச் சம்பளத்தையாவது தனியே ஒதுக்கி வைக்கப் பாருங்கள்.

சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டி குரூப் இன்ஷூரன்ஸில் இருப்பவர்கள், மனநல சிகிச்சைக்கு ஓ.பி. செலவு உண்டா என்று கேளுங்கள். பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் தருவார்கள். திரும்பி வரும்போது ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் கொண்டு போங்கள். முதல் இரண்டு வாரம் நைட் வேண்டாம் என்று மருத்துவரே அதில் எழுதினால், ரோஸ்டரில் கேட்பது சுலபம்.

11. விட்டுவிடுவது என்று முடிவெடுத்தால்

நைட் ட்யூட்டி முடிந்த காலையில் முடிவெடுக்காதீர்கள். ஆனால் மூன்று மாதமாகக் குறிப்பேடு ஒரே கதையைச் சொல்கிறது, கடிதங்களுக்குப் பதில் இல்லை என்றால், விடுவதில் தப்பே இல்லை.

சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். "அப்ஸ்காண்டட்" (சொல்லாமல் ஓடிவிட்டார்) என்று எழுதிவிட்டால் அனுபவச் சான்றிதழ் கிடைக்காது; வெளிநாட்டு வேலைக்கோ அனுபவம் மாதம் மாதமாக எண்ணப்படும். ராஜினாமாவை மின்னஞ்சலில் அனுப்பி, ஒரு பிரதியைப் பதிவுத் தபாலிலும் போடுங்கள். கடைசி வேலை நாள் எது என்று தேதி எழுதுங்கள். வார்டு இருப்பை எண்ணி ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். ராஜினாமா செய்தவருக்குச் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்று ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது.

சம்பளமோ சான்றிதழோ தர மறுத்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. தொலைபேசி எண் 15100. பெரும்பாலான இடங்களில் அங்கிருந்து ஒரு நோட்டீஸ் போனதுமே லாக்கர் திறந்துவிடும்.

அடுத்த இடத்தில் சேரும்போது பழைய யூ.ஏ.என்., பழைய இ.எஸ்.ஐ. எண் இரண்டையும் கொடுங்கள். பி.எஃப். கணக்கில் பழைய நிர்வாகம் வெளியேறிய தேதியைப் போடவில்லையென்றால், கடைசிச் சந்தாவிலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் போட்டுக்கொள்ளலாம். புது ஹெச்.ஆர். அவசரத்தில் புதிய இ.எஸ்.ஐ. எண் உருவாக்கப் பார்ப்பார். விடாதீர்கள், புது எண் விழுந்தால் பழைய சந்தா நாட்கள் அதில் சேராது, உங்களைப் புதியவராகவே கணக்கு வைப்பார்கள்.